பழைய கேஸ் ஷீட்டே ஒப்பீட்டுக் குழு: அரிய நோய் மருந்துச் சோதனைகளில் எதுவரை நம்பலாம்?

வேப்பமரம்:

அரிய நோய் ஒன்றுக்குப் புது மருந்து என்று வைத்துக்கொள்வோம். நாடு முழுக்கத் தேடினாலும் 20 குழந்தைகள் சேர்ந்தால் அதிகம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் போலி மருந்து என்று குலுக்கிப் போடப் பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள், நெறிமுறைக் குழுவும் தயங்கும். அதனால் 20 பேருக்கும் மருந்து கொடுத்துவிட்டு, மருந்தே இல்லாத காலத்தில் அதே நோயோடு வந்த 60 பேரின் பழைய பதிவுகளை எதிரே வைத்து ஒப்பிடத் திட்டம். வயது, மரபணு மாற்றம் இரண்டும் ஒத்தவர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்துவிட்டால் குலுக்கல் இல்லாத குறை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். சரிதானா? அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏதும் இருக்கிறதா?

எண்ணும்_எழுத்தும்:

நிறைய இருக்கிறது. ஜோடி சேர்ப்பது கடைசி வேலை.

முதல் கேள்வி நோயைப் பற்றியது. மருந்து இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஒன்றாக இருக்கிறதா? கைக்குழந்தைகளுக்கு வரும் போம்பே நோயில் (நொதி ஒன்று இல்லாமல் இதயமும் தசைகளும் பழுதாகும் நோய்) அப்படி இருந்தது. அதற்கான ஆல்குளுக்கோசிடேஸ் ஆல்ஃபா மருந்தின் சோதனையில் 18 குழந்தைகள். 18 மாத வயதில் 18 பேரும் உயிரோடு இருந்தார்கள். மருந்து பெறாத 61 குழந்தைகளின் பதிவில் அந்த வயதை எட்டியவர்கள் 2 சதவீதம். எஸ்.எம்.ஏ. என்ற தண்டுவடத் தசைச் சிதைவு நோயின் முதல் வகைக்கான மரபணு சிகிச்சையிலும் இதே கதைதான். 2017-இல் வெளியான முடிவில், 20 மாத வயதில் 15 குழந்தைகளும் நிரந்தர வென்டிலேட்டர் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். பழைய பதிவுக் குழுவில் 8 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளியைப் பதிவுக் கோளாறு எதுவும் உண்டாக்கிவிட முடியாது. மருந்துச் சோதனை விதிகளை நாடுகளுக்கிடையே ஒன்றாக்கும் ஐ.சி.ஹெச். அமைப்பின் 2000-ஆம் ஆண்டு ஈ10 வழிகாட்டி சொல்வதும் இதைத்தான்: நோயின் போக்கு முன்கூட்டியே தெரிந்ததாகவும், மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாகவும் இருந்தால் மட்டுமே வெளி ஒப்பீட்டுக்கு, அதாவது சோதனைக்கு வெளியே உள்ளவர்களோடு ஒப்பிடுவதற்கு, போங்கள்.

பலன் நடுத்தரமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் நிலைமை தலைகீழ். சாக்ஸ், சால்மர்ஸ், ஸ்மித் மூவரும் 1982-இல் 6 சிகிச்சைகளை எடுத்து, இரண்டு முறையிலும் நடந்த ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பழைய நோயாளிகளோடு ஒப்பிட்ட 56 ஆய்வுகளில் 44 புதுச் சிகிச்சையே மேல் என்றன. குலுக்கல் முறையில் நடந்த 50-இல் அப்படிச் சொன்னவை 10 மட்டுமே. காரணத்தையும் அவர்களே காட்டினார்கள். சிகிச்சை பெற்றவர்களின் நிலை இரு முறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய ஒப்பீட்டுக் குழு மட்டும் மோசமாக இருந்தது. அதாவது மருந்து தூக்கிவிடவில்லை, ஒப்பீடு தாழ்ந்து கிடந்தது.

குழந்தைநரம்பு:

அளவெடுக்கும் இடத்திலேயே நடக்கும் கோளாறைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சி.எல்.என்.2 இதற்கு நல்ல உதாரணம். டி.பி.பி.1 என்ற நொதி இல்லாமல் மூளைச் செல்களில் கழிவு சேரும் நோய். 2 முதல் 4 வயதுக்குள் வலிப்பு வரும், பேச்சு பின்தங்கும். பிறகு நடை, பேச்சு, பார்வை என்று ஒவ்வொன்றாகப் போகும். செர்லிபோனேஸ் ஆல்ஃபாவை மூளை அறைக்குள் பதித்த குழாய் வழியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் செலுத்த வேண்டும். போலி மருந்துக் குழு வைத்தால், பலன் கிடைக்க வழியே இல்லாத குழந்தையின் மண்டையோட்டிலும் துளையிட வேண்டும். அதனால்தான் இந்த நோய்க் குழந்தைகளின் டெம்-சைல்ட் பதிவேட்டிலிருந்து 42 குழந்தைகளை ஒப்பீடாக எடுத்தார்கள்.

அளவுகோல் எளிது. நடைக்கு 0 முதல் 3, பேச்சுக்கு 0 முதல் 3, மொத்தம் 6. இயல்பான நடை 3. தடுமாறினாலும் பிடிமானம் இல்லாமல் 10 அடி வைத்தால் 2. பிடித்தால்தான் நடக்க முடியும் அல்லது தவழ மட்டுமே முடியும் என்றால் 1. அதுவும் முடியாவிட்டால் 0.

இப்போது பழைய கேஸ் ஷீட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "கையைப் பிடித்தால் நடக்கிறான். வீட்டில் சில அடி தானாக வைப்பதாக அம்மா சொல்கிறார்." இது 2-ஆ, 1-ஆ? அந்த 10 அடியை அன்று யாரும் எண்ணவில்லை. எழுதிய மருத்துவருக்கு இப்படி ஓர் அளவுகோல் வரும் என்றே தெரியாது. சோதனையில் இருக்கும் குழந்தைக்கோ பயிற்சி பெற்றவர் நேரில் நின்று எண்ணுகிறார், சந்தேகம் வந்தால் மறுபடியும் நடக்க வைக்கிறார். "சில அடி" என்பதைப் பதிவில் 1 என்றும் சோதனையில் 2 என்றும் போட்டால், மருந்து ஒரு சொட்டு வேலை செய்யாமலே ஒரு புள்ளி வித்தியாசம் கிடைத்துவிடும். அந்த ஒரு புள்ளி சின்னதில்லை. மருந்து பெறாதவர்கள் 48 வாரத்தில் சராசரியாக 2.12 புள்ளி இழந்தார்கள். ஆகவே ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 23 வார நோய்.

மருந்து பெற்றவர்கள் அதே 48 வாரத்தில் இழந்தது 0.27. வித்தியாசம் பெரிது. அப்படியும் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. பேச்சுப் புள்ளியை நம்பவில்லை. நடையை மட்டும் எடுத்துக்கொண்டது. நடையிலும் சராசரியை விட்டுவிட்டு, "2 படி இறங்கி மீளாதது, அல்லது 0 ஆகி மீளாதது" என்ற கரடுமுரடான எல்லையை வைத்தது. ஒரு படி தவறாகப் போட்டாலும் அந்த எல்லை சட்டென்று அசையாது. வயது 3 மாத வித்தியாசத்துக்குள், நடைப் புள்ளி ஒன்றாக, மரபணு வகை ஒன்றாக என்று கட்டியபோது, 22 சோதனைக் குழந்தைகளுக்கும் 42 பதிவுக் குழந்தைகளுக்கும் நடுவே 17 ஜோடிதான் தேறியது. 2017 ஏப்ரலில் கிடைத்த அனுமதியும் அறிகுறி உள்ள, 3 வயதோ அதற்கு மேலோ ஆன குழந்தைகளுக்கு நடை இழப்பைத் தாமதப்படுத்த என்ற அளவோடு நின்றது.

வேப்பமரம் சார், உங்கள் 60 பதிவில் எத்தனை ஜோடி தேறும் என்பதை இப்போதே எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

வேப்பமரம்:

நன்றி டாக்டர். 60 இருந்தால் 20 ஜோடி சுலபமாகக் கிடைக்கும் என்றிருந்தேன். அளவுகோல் விஷயம் புரிகிறது. ஆனால் முடிவளவு மரணம் என்றால் இந்தச் சிக்கல் இல்லையே? செத்தாரா இருக்கிறாரா என்பதில் யார் எண்ணினாலும் ஒன்றுதானே?

எண்ணும்_எழுத்தும்:

அங்கே வேறொன்று காத்திருக்கிறது: பூஜ்ஜிய நாள். எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது.

கற்பனைக் கணக்கு ஒன்று. 20 பதிவுகள். எல்லாக் குழந்தைக்கும் 4 மாதத்தில் நோய் தெரிந்தது. 6 மாதத்துக்குள் 5 பேர் இறந்துவிட்டார்கள். ஒரு வயதில் 8 பேர் இருக்கிறார்கள். நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் 20-க்கு 8, அதாவது 40 சதவீதம். சோதனையிலோ பரிசோதனை, ஒப்புதல், எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) பார்ப்பது எல்லாம் முடிந்து 6 மாதத்தில்தான் மருந்து ஏறுகிறது. 5 மாதத்தில் இறந்த குழந்தை சோதனைக்குள் வரவே முடியாது. ஆகவே பதிவிலும் 6 மாதத்தில் உயிரோடு இருந்த 15 பேரை மட்டும்தான் எடுக்க வேண்டும். 15-க்கு 8 என்றால் 53 சதவீதம். மருந்தைத் தொடாமலே 13 புள்ளி வித்தியாசம். சிகிச்சை பெற்றவர் அந்த இரண்டு மாதம் சாகவே முடியாதவராகக் கணக்கில் இருப்பதால் இதைச் சாகா நேரம் என்போம்.

வழி இதுதான். சோதனையின் தகுதி விதிகளைப் பதிவின் ஒவ்வொரு வருகைத் தேதி மீதும் ஓட்டுங்கள். எந்த வருகையில் எல்லா விதியும் முதன்முதலாகப் பொருந்துகிறதோ அதுவே அந்தக் குழந்தையின் பூஜ்ஜிய நாள். ஒரே குழந்தைக்கு நாலைந்து வருகை பொருந்தும். எதை எடுப்பது என்பதை விதியாக முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்து எடுத்தால் மனம் தன்னையறியாமல் சரிவுக்கு முந்தின வருகையில்தான் போய் நிற்கும்.

மரணத்திலும் இன்னொரு சங்கடம் உண்டு. மூச்சுக்கருவி வைக்கும் வழக்கம் ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும். எஸ்.எம்.ஏ. ஆய்வுகள் வெறும் மரணத்தை எண்ணாமல், ஒரு நாளில் 16 மணி நேரம் வீதம் தொடர்ந்து 14 நாள் மூச்சு உதவி தேவைப்பட்டதையும் நிகழ்வாக எண்ணியதற்கு இதுவே காரணம். லோனாஃபார்னிப் மருந்தைப் புரோஜீரியாவில் (குழந்தையிலேயே முதுமை வரும் நோய்) ஆராய்ந்தபோது வயது, பால் இரண்டோடு எந்தக் கண்டம் என்பதையும் பொருத்தினார்கள். மருந்து தவிர மற்றக் கவனிப்பு கண்டத்துக்குக் கண்டம் மாறும் என்பதால்தான்.

கோப்பறை:

பதிவிலிருந்து விவரம் எடுக்கும் வேலை பற்றிச் சிலது. பெரும்பாலான ஆய்வுகள் இங்கேதான் கெடுகின்றன. யாரும் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

எடுக்கும் படிவத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதியில் தகுதி, பூஜ்ஜிய நாள், அன்றைய நிலை. இரண்டாம் பாதியில் அதற்குப் பிறகு நடந்தது. முதல் பாதியை நிரப்புபவருக்கு இரண்டாம் பாதிப் பக்கங்கள் கண்ணில் படக் கூடாது. காகிதக் கோப்பு என்றால் பூஜ்ஜிய நாள் வரை உள்ள பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுங்கள். யார் யார் உள்ளே என்று பூட்டிய பிறகுதான் இரண்டாம் பாதி திறக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு பதிவையும் இருவர் தனித்தனியே படிக்க வேண்டும். முதல் 10 பதிவில் இருவரும் எங்கே முரண்படுகிறார்கள் என்று பார்த்து விதிப்புத்தகத்தைத் திருத்துங்கள். பிறகு அந்தப் பத்தையும் திருத்திய விதிப்படி மறுபடி எடுங்கள். திருத்துவதோடு நிறுத்திவிட்டால் முதல் பத்து பழைய விதியிலேயே தங்கிவிடும்.

"எழுதவில்லை" வேறு, "இல்லை" வேறு. வலிப்பு பற்றிக் குறிப்பே இல்லாத பக்கத்தை "வலிப்பு இல்லை" என்று நிரப்பக் கூடாது. படிவத்தில் மூன்று கட்டம் வேண்டும்: உண்டு, இல்லை என்று எழுதியிருக்கிறது, குறிப்பே இல்லை.

வரவு நின்றுபோன குழந்தைதான் பெரிய தலைவலி. இறந்துவிட்டதால் வரவில்லையா, நன்றாக இருப்பதால் வரவில்லையா, குடும்பம் ஊர் மாறிவிட்டதா? கடைசி வருகையோடு எண்ணிக்கையை நிறுத்தினால் மூன்றும் ஒன்றாகிவிடும். இறப்புப் பதிவோடு ஒத்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

வருகை இடைவெளியையும் பாருங்கள். நடை போன தேதி என்று பதிவில் இருப்பது பெரும்பாலும் நடை போனதை மருத்துவர் பார்த்த தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் குழந்தைக்கு அது சில மாதம் பிந்தியிருக்கும். அதனால் பழைய குழு உண்மையைவிட நன்றாகத் தெரியும். உடம்பு மோசமானால் மட்டும் வருகிறவர்களின் பதிவில் இது அப்படியே எதிர்ப்பக்கம் சாயும். உங்கள் 60 எந்த ரகம் என்று தெரியாமல் திருத்தவும் முடியாது.

தென்றல்27:

எல்லாம் சரி. ஆனால் இப்படி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனால் மருந்து எப்போது வந்து சேரும்? வருடத்துக்கு 2 புள்ளி இழக்கும் நோயில் ஒரு வருடத் தாமதம் என்பது ஒரு குழந்தையின் நடை. பெற்றோர் பழைய பதிவுகளைக் கொடுத்து உதவுவதே அடுத்த குழந்தையைப் போலி மருந்துக் குழுவில் போடக் கூடாது என்றுதான். குலுக்கல் இல்லாமல் தெரிந்துகொள்ள முடியாது என்று நீங்கள் சொல்லும்போது அந்தக் குடும்பங்களுக்குக் கதவு சாத்துவது போல இருக்கிறது.

குழந்தைநரம்பு:

தென்றல் மேடம், சி.எல்.என்.2-இல் உங்கள் பக்கம்தான் நானும். அங்கே குலுக்கல் கேட்பது கொடுமை. ஆனால் எல்லா நோயும் அப்படி இல்லை. டுஷேன் தசைநோயில் நடந்ததைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

எட்டெப்லிர்சென் என்ற மருந்து 12 சிறுவர்களிடம் சோதிக்கப்பட்டது. முதல் 24 வாரம் குலுக்கல் இருந்தது, பிறகு எல்லோருக்கும் மருந்து. 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதை இத்தாலி, பெல்ஜியப் பதிவுகளில் இருந்து எடுத்த 13 பேரோடு ஒப்பிட்டார்கள். 6 நிமிட நடை முயற்சியைப் பொறுத்தது. "இன்னும் கொஞ்ச தூரம்தான், வா" என்று பக்கத்தில் ஒருவர் உற்சாகப்படுத்தினால் கூடும். மருந்து கிடைக்கிறது என்று தெரிந்த பையனும் பெற்றோரும் முயல்வது ஒரு மாதிரி, வழக்கமான ஆண்டுப் பரிசோதனைக்கு வந்த பையன் முயல்வது வேறு மாதிரி. ஸ்டீராய்டை எந்த அளவில், தினமும் எடுத்தாரா, விட்டு விட்டு எடுத்தாரா என்பதும் கலந்துகொள்ளும். 2016-இல் எஃப்.டி.ஏ. விரைவு அனுமதி கொடுத்தது, இந்த நோயில் இல்லாமல் போகும் டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதம் சிறிது கூடியதை வைத்து. நடை ஒப்பீட்டை வைத்து இல்லை.

அடுத்தது டுஷேனுக்கான மரபணு சிகிச்சை. பழைய குழுவோடு வைத்த ஒப்பீடுகள் மருந்துக்குச் சாதகமாகவே இருந்தன. பிறகு 4 முதல் 7 வயதுச் சிறுவர்கள் 125 பேரிடம் குலுக்கல் முறையில் எம்பார்க் சோதனை நடந்தது. 52 வாரத்தில் மருந்துக் குழுவின் இயக்கப் புள்ளி 2.6 கூடியது. போலி மருந்துக் குழுவுக்கும் 1.9 கூடியது. இடைவெளி 0.65, முதன்மை இலக்கு எட்டவில்லை. துணை அளவுகள் சில மருந்துக்குச் சாதகமாக இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த 1.9-ஐத்தான் நான் காட்ட வருகிறேன். அந்த வயதில் பிள்ளைகள் வளர்கிறார்கள், ஸ்டீராய்டு எடுக்கிறார்கள், நோய் இருந்தும் ஒரு வருடம் முன்னேறுகிறார்கள். சோதனைக்குள் வந்து சேரும் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுவார்கள் என்பதை அதே சோதனைக்குள் இருந்த ஒப்பீட்டுக் குழுவே காட்டியது.

பலன் இல்லாத மருந்து வந்து சேர்ந்தாலும் குடும்பத்துக்குச் செலவும் பக்கவிளைவும் உண்டு. அடுத்த சோதனைக்குத் தகுதி போவதும் உண்டு; மரபணு சிகிச்சை ஒன்றை எடுத்த பிள்ளைக்கு எதிர்ப்புரதம் உண்டாகிவிடுவதால் அதே வகை வைரஸ் ஊர்தியை (மரபணுவை உடலுக்குள் சுமந்து செல்லும் வைரஸை) மறுபடி தர முடியாது.

தென்றல்27:

எதிர்ப்புரத விஷயத்தை யோசிக்கவில்லை. சரி, நடுவழி உண்டா?

எண்ணும்_எழுத்தும்:

உண்டு. குலுக்கல் வைத்து, போலி மருந்துக் குழுவைச் சிறிதாக்கிப் பதிவிலிருந்து கடன் வாங்குவது. 30 குழந்தைகள் என்றால் 20 பேருக்கு மருந்து, 10 பேர் ஒப்பீடு. பழைய 60 பேரை முழு ஆளாக எண்ணாமல், ஒருவரை 0.2 ஆள் என்று எடுத்தால் 12 பேர். ஒப்பீட்டுக் குழு 10-லிருந்து 22-க்கு வந்துவிடும். அந்த 10 பேரும் பழைய 60 பேரும் ஒத்துப்போகாவிட்டால் கடன் தானாகக் குறையும்படி பேயீசியன் மாதிரியை (முன்பே தெரிந்ததையும் புதுத் தரவையும் சேர்த்து எடைபோடும் புள்ளியியல் முறை) அமைக்கலாம். ஆனால் 10 பேரை வைத்து ஒத்துப்போகிறதா என்று கண்டுபிடிக்கும் சக்தி குறைவு. அதனால் பழைய குழு உண்மையைவிட இவ்வளவு மோசம் என்று வேண்டுமென்றே வைத்து ஆயிரக்கணக்கில் கணினியில் ஓட்டி, பலனில்லாத மருந்து எத்தனை முறை தேறிவிடுகிறது என்று பார்த்த பிறகே 0.2-ஆ 0.4-ஆ என்று முடிவெடுக்க வேண்டும்.

இன்னொரு வழி, குலுக்கலை முதலில் வைத்துப் பதிவைப் பின்னால் துணைக்கு வைப்பது. நரம்பு பழுதாகி நடை தடுமாறும் பரம்பரை நோயான ஃப்ரீட்ரிக் அட்டாக்சியாவில் ஒமாவெலொக்சொலோன் மருந்துக்கு 48 வாரக் குலுக்கல் சோதனை நடந்தது. தொடர்ந்து மருந்து எடுத்த 136 பேரை அந்த நோயாளிகளின் ஃபாகாம்ஸ் பதிவேட்டில் உள்ள 136 பேரோடு பொருத்தி 3 வருடம் பார்த்தார்கள். நோய்ப் புள்ளி பதிவுக் குழுவில் 6.6, மருந்துக் குழுவில் 3.0 கூடியது. 2023 பிப்ரவரியில் அனுமதி. பெற்றோருக்குச் சொல்லவும் இது எளிது: போலி மருந்து 48 வாரம்தான், பிறகு எல்லோருக்கும் மருந்து.

ஜோடிக்குப் பதில், சோதனைக் குழந்தைகளை ஒத்த பதிவுகளுக்குக் கூடுதல் எடை போடுகிறீர்கள் என்றால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 42 பதிவில் 40 பேருக்கு எடை 1, இரண்டு பேருக்கு மட்டும் எடை 10 என்று வந்தால், எடைகளின் கூட்டுத்தொகை 60, அதன் வர்க்கம் 3600. எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகை 240. வகுத்தால் 15. கையில் இருப்பது 42 இல்லை, 15. அதிலும் அந்த இரண்டு பேரின் விதிதான் முடிவைத் தீர்மானிக்கும். இரு குழுவும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும்போது வித்தியாசம் திட்ட விலக்கத்தில் 0.1-க்குள் வேண்டும் என்பார்கள். 20 பேர் குழுவில் ஆண், பெண் பாதிக்குப் பாதி இருக்கும்போது ஒரே ஒரு குழந்தை மாறினால் வருவதே 0.1. ஆகவே அந்த எல்லையை வைத்துத் தேறியது, தேறவில்லை என்று சொல்லாமல், எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

2023 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு வழிகாட்டியும் இதே வரிசையில்தான் போகிறது: யாரை ஒப்பீடாக எடுப்பது, எப்படி அலசுவது என்பதைச் சோதனை தொடங்கும் முன் எழுதிவிட வேண்டும்; தனித்தனி நோயாளி அளவில் தரவு வேண்டும். இதழ்க் கட்டுரையின் சராசரியை எடுத்து வைப்பது போதாது.

வேப்பமரம்:

இரண்டு கேள்வி மிச்சம். நம் ஊர் ஆஸ்பத்திரிப் பதிவுகளுக்கு ஒப்புதல் எப்படி வாங்குவது? அடுத்து, 60-இல் சில குடும்பங்களில் மூத்த பிள்ளை பதிவில் இருக்கிறது, இளையது சோதனைக்கு வரும் நிலையில் இருக்கிறது. அவர்களை ஜோடியாக வைக்கலாமா?

கோப்பறை:

முதல் கேள்விக்கு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை வழிகாட்டியின்படி, பெயர் நீக்கிய பழைய பதிவுகளுக்கு ஒப்புதல் விலக்கு தர நெறிமுறைக் குழுவால் முடியும். நீங்களாகவே விலக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அரிய நோயில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. பிறந்த தேதி, மாவட்டம், மரபணு மாற்றம் மூன்றும் சேர்ந்தால் எந்தக் குழந்தை என்று தெரிந்துவிடும். தேதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, பூஜ்ஜிய நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். ஆனால் பூஜ்ஜிய நாளின் ஆண்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். ஆண்டு போனால் அந்தக் காலத்துச் சிகிச்சை என்ன என்று பார்க்கும் வழி அடைபட்டுவிடும். கேஸ் ஷீட் பாதி ஆஸ்பத்திரியிலும் பாதி குடும்பத்தின் கையிலும் இருந்தால், கையில் இருப்பதைக் கேட்கப் போகும்போது தனி ஒப்புதல் தேவை.

குழந்தைநரம்பு:

உடன்பிறப்பு ஜோடி மதிப்புள்ளது, மரபணு மாற்றம் ஒன்றே என்பதால். ஆனால் மூத்ததற்கு அறிகுறி வந்து பல மாதம் கழித்து நோய் தெரிந்திருக்கும். மூத்தது இருப்பதாலேயே இளையதற்கு அறிகுறிக்கு முன்பே தெரிந்துவிடும். நோய் தெரிந்த நாளிலிருந்து இருவரையும் எண்ணினால் இளையதற்குப் பல மாதம் இனாமாகக் கிடைக்கும். பிறந்த நாளிலிருந்து எண்ணுங்கள். அதே வயதில் மூத்தது நடந்ததா, பேசியதா என்று பாருங்கள். முதல் அடி, முதல் சொல் பற்றிப் பெற்றோரின் நினைவை மட்டும் நம்பாமல், தேதி உள்ள வீட்டு வீடியோ இருந்தால் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிள்ளை, எந்த வருடம் என்று தெரியாத இருவரிடம் கொடுத்து அந்த 10 அடியை எண்ணச் சொல்லுங்கள்.

வேப்பமரம்:

சரி டாக்டர். 60 பதிவிலும் தகுதி விதியை ஓட்டி, பூஜ்ஜிய நாள் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்ற எண்ணிக்கையை மட்டும் முதலில் எடுத்து இங்கே போடுகிறேன். விளைவுப் பக்கங்களை யாரும் திறக்க மாட்டோம்.